மேனேஜர் வைத்தியர் ஆக வேண்டாம்: ஊழியர் மனநலம் காக்க மேனேஜர்களைப் பழக்குவது எப்படி

“மேனேஜர்களுக்கு மனநலம் பத்தி ஒரு டிரெய்னிங் ஏற்பாடு பண்ணுங்க” என்று உங்களிடம் சொல்லியிருப்பார்கள். நீங்கள் எச்ஆரில் இருக்கலாம், பயிற்சித் துறையில் இருக்கலாம், அல்லது ஒரு சிறு நிறுவனத்தில் எல்லாவற்றையும் ஒரே ஆளாகப் பார்ப்பவராக இருக்கலாம். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

நான் முதன்முதலில் நடத்திய பயிற்சி தவறாகப் போனது. மனச்சோர்வு என்றால் என்ன, பதற்ற நோய் என்றால் என்ன, அறிகுறிகள் எவையெவை என்று மூன்று மணி நேரம் ஸ்லைடு போட்டுக் காட்டினேன். எல்லோரும் கவனமாகக் குறிப்பெடுத்தார்கள். பத்து நாள் கழித்து அவர்களில் ஒருவர் போன் செய்தார். “டீம்ல ஒருத்தர் ரெண்டு வாரமா யார்கிட்டயும் சரியா பேசறதில்லை. நீங்க கொடுத்த லிஸ்ட்ல அஞ்சு அறிகுறி பொருந்துது. இது டிப்ரஷனா, வேற ஏதாவதா?” என்று கேட்டார். “அவர்கிட்ட பேசினீங்களா?” என்றேன். இல்லையாம். என்ன பேசுவது, எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் இரண்டு வாரமாகத் தள்ளிப்போட்டிருக்கிறார். அக்கறை இல்லாத மனிதர் அல்ல அவர். அக்கறை இருந்ததால்தான் போனே செய்தார். அவருக்கு வேண்டியதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு என் பயிற்சி முழுவதையும் மாற்றினேன். மேனேஜரின் கையில் இருப்பது வேலை. யார் எவ்வளவு செய்வது, எப்போதுக்குள் முடிப்பது, சந்தேகம் வந்தால் யாரிடம் கேட்பது, தவறு நடந்தால் எந்தக் குரலில் பேசுவது என எல்லாம் அவர் கையில்தான் இருக்கிறது. நோயைப் பார்க்க மருத்துவர்கள் இருக்கிறார்கள். வேலையைச் சரிசெய்ய அந்த மேனேஜரை விட்டால் வேறு ஆள் இல்லை. நீங்கள் நடத்தப்போகும் பயிற்சியில் எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று குழப்பம் வரும்போதெல்லாம் இதை வைத்தே முடிவு செய்யுங்கள்.

இந்தப் பயிற்சிக்குப் பலன் உண்டா என்று மேலதிகாரி கேட்பார். கையில் பதில் இருக்கட்டும். உலக சுகாதார நிறுவனம் 2022 செப்டம்பரில் பணியிட மனநலம் பற்றிய வழிகாட்டுதல்களை வெளியிட்டது. ஊழியர்களின் மனநலத்துக்குத் துணைநிற்க மேனேஜர்களுக்குப் பயிற்சி தர வேண்டும் என்பது அதில் உள்ள பரிந்துரைகளில் ஒன்று. மனச்சோர்வாலும் பதற்றத்தாலும் உலகம் முழுவதும் ஆண்டுக்கு 1,200 கோடி வேலைநாட்கள் வீணாகின்றன என்பது அதே நிறுவனத்தின் மதிப்பீடு. ஆஸ்திரேலியாவில் தீயணைப்புத் துறை ஒன்றின் மேலாளர்களுக்கு நான்கே மணி நேரப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். ஆய்வு முடிவுகள் 2017-இல் வந்தன. ஆறு மாதம் கவனித்ததில், பயிற்சி பெற்ற மேலாளர்களின் கீழே வேலை தொடர்பான நோய் விடுப்பு குறைந்திருந்தது. பயிற்சி பெறாதவர்களின் கீழே அது கூடியிருந்தது. பயிற்சிக்குச் செலவிட்ட தொகையைப் போல ஏறத்தாழ பத்து மடங்கு மிச்சமானதாகவும் கணக்கிட்டார்கள். நான்கு மணி நேரம் போதும் என்பதுதான் எனக்கு இதில் பெரிய செய்தி. மேனேஜர்களின் நேரத்தைக் கேட்டு வாங்குவது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்கே தெரியும்.

1. பயிற்சிக்கு முன்பே வீட்டைச் சரிபாருங்கள்

தேதி குறிப்பதற்கு முன் ஒரு வாரம் ஒதுக்கி நான்கு கேள்விகளுக்குப் பதில் தேடுங்கள். மனநல உதவி வேண்டும் என்று ஓர் ஊழியர் சொன்னால் மேனேஜர் அவரை யாரிடம் அனுப்புவது? அதற்கான செலவு யாருடையது? மனநலக் காரணத்துக்காக லீவு எடுத்தால் எந்தக் கணக்கில் வரும், சான்றிதழ் கேட்பார்களா? மேனேஜரிடம் சொன்னது எச்ஆருக்குப் போகுமா, கோப்பில் ஏறுமா?

நாலாவது கேள்விக்குத்தான் பெரும்பாலான இடங்களில் பதில் இருக்காது. ஊழியர்கள் வாயைத் திறக்காமல் இருப்பதற்கு முதல் காரணமும் அதுதான். எழுத்தில் பதில் வாங்கும்வரை விடாதீர்கள். கவுன்சலிங் வசதி என்று நிறுவனம் ஒன்றை வைத்திருந்தால், அந்த எண்ணை நீங்களே ஒரு தடவை கூப்பிட்டுப் பாருங்கள். யாராவது எடுக்கிறார்களா, எத்தனை நாளில் நேரம் கொடுக்கிறார்கள், எந்த மொழியில் பேசுகிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். நான் ஒரு முறை கூப்பிட்டபோது அந்த எண் உபயோகத்திலேயே இல்லை. சுவரொட்டி மட்டும் லிஃப்ட் பக்கத்தில் ஒட்டியிருந்தது.

கிடைத்த பதில்களை ஒரே பக்கத்தில் அடங்குமாறு எழுதுங்கள். அந்தப் பக்கம்தான் பயிற்சியின் முதல் கையேடு. வழி எதுவும் இல்லாத இடத்தில் மேனேஜர்களைப் பேசச் சொல்லி அனுப்புவது சரியில்லை. ஒருவர் மனதைத் திறந்த பிறகு “சரி, பார்க்கலாம்” என்று அவரைத் திருப்பி அனுப்பினால், அடுத்த தடவை அவர் பேசவே மாட்டார்.

2. யார், எத்தனை பேர், எவ்வளவு நேரம்

ஒரு குழுவுக்குப் பன்னிரண்டு பேர் நல்ல அளவு. பதினைந்துக்கு மேல் போனால் பின்வரிசை உருவாகிவிடும், பின்வரிசையில் இருப்பவர் பேசிப் பழக மாட்டார். மேனேஜரையும் அவருடைய மேலதிகாரியையும் ஒரே அறையில் உட்கார வைக்காதீர்கள். மேலதிகாரி இருக்கும் இடத்தில் “எனக்கு இது தெரியலை” என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மேல்நிலையில் இருப்பவர்களுக்கு முதலில் தனியாக நடத்திவிடுங்கள். கீழே நடக்கும் பயிற்சியை அவர்கள் பிறகு மதிப்பார்கள், டார்கெட் சொல்லும்போது கொஞ்சம் யோசிப்பார்கள்.

நான்கு மணி நேரத்தை ஒரே நாளில் கொட்டுவதைவிட இரண்டு மணி நேரம் வீதம் இரண்டு நாளாகப் பிரிப்பது என் வழக்கம். இடையில் ஒரு வாரம் விடுவேன். அந்த ஒரு வாரத்தில் செய்ய ஒரு சின்ன வேலையும் கொடுப்பேன். அதைப் பற்றி அடுத்துச் சொல்கிறேன்.

3. நோயிலிருந்து அல்ல, வேலையிலிருந்து தொடங்குங்கள்

முதல் அமர்வில் மனநோய்களின் பெயர்கள் ஒன்றுகூட வரத் தேவையில்லை. பிரிட்டனில் பணியிடப் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசு அமைப்பான எச்எஸ்இ, வேலையில் மன அழுத்தம் உண்டாக்கும் காரணங்களை ஆறாகப் பிரித்து வைத்திருக்கிறது. வேலைப்பளு, தன் வேலையைத் தானே முடிவு செய்யும் உரிமை, கிடைக்கும் ஆதரவு, உடன் வேலை செய்பவர்களோடு உறவு, தன் பொறுப்பு என்ன என்ற தெளிவு, மாற்றங்கள் கையாளப்படும் விதம். இந்த ஆறையும் பலகையில் எழுதிவிட்டு ஒரு கேள்வி கேளுங்கள்: “உங்க டீமை இப்போ ரொம்பப் படுத்தறது இதுல எது?”

அறை சட்டென்று உயிர்பெறும். நோயைப் பற்றிப் பேசத் தயங்குகிறவர்கள்கூட வேலையைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள். பெரும்பாலும் வேலைப்பளு என்றுதான் முதலில் சொல்வார்கள். அங்கேயே நின்றுவிடாதீர்கள். ராபர்ட் கராசெக் என்ற ஆய்வாளர் 1979-இல் சொன்ன விஷயம் ஒன்று இங்கே உதவும்: வேலை அதிகமாக இருப்பது மட்டும் ஆளை உடைப்பதில்லை, வேலையும் அதிகம், அதை எப்படிச் செய்வது என்று முடிவெடுக்கும் உரிமையும் இல்லை என்ற இடத்தில்தான் அழுத்தம் உச்சத்துக்குப் போகிறது. மேனேஜருக்கு இது நல்ல செய்தி. வேலையின் அளவை அவரால் குறைக்க முடியாமல் போகலாம். எதை முதலில் செய்வது, எப்படிச் செய்வது, எப்போது வீட்டுக்குப் போவது என்பதையாவது ஊழியர் கையில் விட முடியும்.

வேலையின் அளவுக்கும் எல்லை உண்டு என்பதை மறைக்கவும் வேண்டாம். உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் சேர்ந்து வெளியிட்ட ஆய்வின்படி, வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்குப் பக்கவாத ஆபத்து, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிட 35 சதவீதம் அதிகம். “எங்க டீம் ரொம்ப கமிட்டட், ராத்திரி பத்து மணிக்கும் பதில் போடுவாங்க” என்று பெருமையாகச் சொல்லும் மேனேஜர் ஒவ்வொரு குழுவிலும் ஒருவர் இருப்பார். அந்த எண்ணை அவரை நோக்கிச் சொல்லாமல் அறைக்குப் பொதுவாகச் சொல்லிவிட்டு நகருங்கள்.

ஒரு வாரத்துக்கான சின்ன வேலை இதுதான். ஒரு தாளில் டீமில் உள்ளவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு வரி. கையில் எத்தனை வேலை இருக்கிறது, அதில் எது அவராகக் கேட்காமல் வந்து சேர்ந்தது, கடைசியாக முழு நாள் லீவு எடுத்தது எப்போது, வேலை நேரத்துக்கு வெளியே இந்த வாரம் நான் அவருக்கு எத்தனை மெசேஜ் அனுப்பினேன். கடைசிக் கட்டத்தை நிரப்ப மேனேஜர் தன் போனையே திறந்து பார்க்க வேண்டியிருக்கும். ஒரு மேனேஜர் அந்தத் தாளை மடித்துக் கொண்டுவந்து என் முன் பிரித்து வைத்தார். ஒரே பெயருக்கு நேராக 31 என்று எழுதியிருந்தது. “அவர் உடனே பதில் போடுவார், அதனால அவரையே கேட்டுப் பழகிட்டேன்” என்றார். அந்த ஊழியருக்கு என்ன அறிகுறி என்று நாங்கள் ஆராயவில்லை. கேள்விகளை நான்கு பேருக்குப் பிரித்துக் கேட்பது என்றும், மாலை ஏழு மணிக்குப் பிறகு அவசரம் இல்லாததை மறுநாளுக்கு ஷெட்யூல் செய்வது என்றும் அவரே முடிவு செய்தார். அன்று அந்த அறையில் இருந்த மற்றவர்களும் தங்கள் தாளைத் திரும்பப் பார்த்தார்கள்.

4. மாற்றத்தைக் கவனிக்கச் சொல்லுங்கள்

அறிகுறிப் பட்டியல் கொடுக்கும் ஆசை இங்கே உங்களுக்கு வரும். கொடுக்காதீர்கள். “இவர் வழக்கமாக எப்படி, இப்போது எப்படி” என்ற ஒப்பீடு போதும். எப்போதும் அமைதியாக இருப்பவர் அமைதியாக இருந்தால் அதில் ஒன்றுமில்லை. எப்போதும் கலகலப்பாக இருப்பவர் மூன்று வாரமாக மீட்டிங்கில் கேமராவை அணைத்து வைத்தால் கவனிக்க வேண்டும். நேரம் தவறாதவர் தாமதமாக வருவது, தவறு செய்யாதவர் சின்னச் சின்னத் தவறுகள் செய்வது, சட்டென்று எரிந்து விழுவது, திங்கட்கிழமைகளில் தொடர்ந்து லீவு, எல்லோரும் போன பிறகும் நாற்காலியை விட்டு எழாமல் இருப்பது. ஒரு நாள் மாற்றம் யாருக்கும் வரும். இரண்டு வாரம் நீடித்தால் போய்ப் பேச வேண்டும்.

‘பர்ன்அவுட்’ என்ற சொல் அறையில் கட்டாயம் வரும். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடான ஐசிடி-11 அதை நோய் என்று வகைப்படுத்தவில்லை. வேலையோடு தொடர்புடைய ஒரு நிலை என்றுதான் சொல்கிறது. வேலையிடத்தில் நாள்பட்டு நீடித்து, சரியாகக் கையாளப்படாமல் போன அழுத்தத்தின் விளைவு அது. மூன்று அடையாளங்கள்: சக்தியெல்லாம் வடிந்துபோன களைப்பு, வேலையிலிருந்து மனம் விலகி வெறுப்பு படிவது, நம்மால் எதுவும் உருப்படியாக முடியவில்லை என்ற எண்ணம். இந்த விளக்கத்தைக் கேட்ட பிறகு “அவருக்கு பர்ன்அவுட்” என்று முத்திரை குத்திவிட்டு ஒதுங்குவது கடினம். காரணம் வேலையில் இருக்கிறது என்றால், கேள்வி மேனேஜரிடமே திரும்பி வருகிறது.

5. பேசிப் பழகுவது: பாதி நேரம் இதற்கே

பயிற்சியின் மையம் இதுதான். நான்கு மணி நேரத்தில் இரண்டை இதற்குக் கொடுங்கள். மூன்று மூன்று பேராகப் பிரியுங்கள்: ஒருவர் மேனேஜர், ஒருவர் ஊழியர், ஒருவர் பார்ப்பவர். ஊழியராக நடிப்பவருக்கு ஒரு அட்டை கொடுங்கள். “நீங்கள் ஒரு மாதமாகச் சரியாகத் தூங்கவில்லை. நேற்று அனுப்பிய அறிக்கையில் தவறு இருந்தது. மேனேஜர் அதைத் திட்டத்தான் கூப்பிடுகிறார் என்று நினைக்கிறீர்கள்” என்பது போல நான்கு வரி. மேனேஜராக நடிப்பவருக்கு அந்த அட்டையைக் காட்டக் கூடாது.

முதல் சுற்றில் என்ன நடக்கும் என்று எனக்கு இப்போது மனப்பாடம். இப்படிப் போகும்:

“வாங்க, உட்காருங்க. எப்படி இருக்கீங்க?”

“நல்லா இருக்கேன் சார்.”

“இல்ல, கொஞ்ச நாளா டல்லா தெரியறீங்க. எல்லாருக்கும்தான் டென்ஷன் இருக்கு. எனக்கு இல்லாத டென்ஷனா? யோகா பண்ணுங்க, நல்லா தூங்குங்க. எதுனாலும் எங்கிட்ட தாராளமா சொல்லுங்க, சரியா?”

“சரி சார்.”

முடிந்தது. ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. மேனேஜராக நடித்தவருக்குத் தான் நன்றாகப் பேசியதாகவே தோன்றும். பார்ப்பவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “ஊழியர் எத்தனை வார்த்தை பேசினார்?” அவர் விரல்விட்டு எண்ணுவார். அப்புறம் ஊழியராக நடித்தவரைப் பார்த்து, “அட்டையில் இருந்த எதையாவது சொல்ல இடம் கிடைத்ததா?” என்று கேளுங்கள். அந்தப் பதிலுக்கு மேல் நீங்கள் விளக்கம் கொடுக்கத் தேவையே இருக்காது.

இரண்டாவது சுற்றுக்கு மூன்று விதிகள் வையுங்கள். கண்ணால் பார்த்ததைச் சொல்லித் தொடங்க வேண்டும், அபிப்பிராயத்தை அல்ல. கேள்வி கேட்ட பிறகு மனதுக்குள் பத்து எண்ண வேண்டும், அதற்குள் வாய் திறக்கக் கூடாது. ஊழியர் கேட்காமல் அறிவுரை இல்லை. இப்போது அதே காட்சி:

“நேத்து அனுப்பின அறிக்கையைப் பத்தி பேச கூப்பிடலை, அதை அப்புறம் பார்த்துக்கலாம். ரெண்டு மூணு வாரமா நீங்க சாப்பிடக்கூட எழுந்து போகாம உட்கார்ந்திருக்கறதைப் பார்த்தேன். வழக்கமா நீங்க அப்படி இல்லை. அதான் கேட்கணும்னு தோணுச்சு. எப்படிப் போகுது?”

மௌனம். ஆறு, ஏழு, எட்டு...

“தூக்கம் வரமாட்டேங்குது சார். ஒரு மாசமாவே.”

“ஒரு மாசமா.” மறுபடி மௌனம்.

“அந்தப் புது வேலை வந்ததுலேருந்துதான்...”

இந்த இடம் வந்ததும் அறையில் ஒரு அமைதி விழும். நடிப்பு என்று தெரிந்தும் விழும். அந்தப் பத்து எண்ணும் மௌனத்தைப் பழகாமல் வேறு எதைப் பழகினாலும் பயனில்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன். மேனேஜர்கள் பதில் சொல்லியே பதவிக்கு வந்தவர்கள், சும்மா இருப்பது அவர்களுக்கு உடம்பே கூசும் அளவுக்குக் கஷ்டம். எனவே எல்லோரும் மூன்று வேடத்திலும் மாறி மாறி இருக்கும்வரை சுற்றை நிறுத்தாதீர்கள். ஊழியர் நாற்காலியில் உட்கார்ந்து அந்த மௌனத்தை வாங்கிக்கொண்டவருக்குத்தான் அது மிரட்டல் இல்லை, இடம் விடுவது என்று புரிகிறது.

சில வாக்கியங்களைத் தவிர்க்கச் சொல்லுங்கள். “இதெல்லாம் ஒரு பிரச்சினையா”, “மனசை தைரியமா வச்சுக்கோங்க”, “உங்களைவிடக் கஷ்டப்படறவங்க எத்தனையோ பேர்”. எல்லாம் நல்லெண்ணத்தில் வருபவைதான், ஆனால் கேட்பவர் காதில் “பேச்சை முடி” என்றுதான் விழும். “உங்களுக்கு டிப்ரஷனா?” என்று நோயின் பெயரைச் சொல்லிக் கேட்பதும் வேண்டாம். ஊழியர் ஒன்றும் இல்லை என்றால் கட்டாயப்படுத்தக் கூடாது. “சரி. எப்போ பேசணும்னு தோணினாலும் வாங்க. அடுத்த வியாழக்கிழமை நானே ஒரு தடவை கேட்கறேன்” என்று விட்டுவிடலாம். வியாழக்கிழமை மறக்காமல் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

பேச்சு முடியும்போது மூன்று விஷயம் தெளிவாக இருக்க வேண்டும்: நாளை முதல் வேலையில் என்ன மாறும், இது யார் யாருக்குத் தெரியும், அடுத்து எப்போது பேசுவோம். பார்ப்பவர் இந்த மூன்றையும் ஒவ்வொரு சுற்றிலும் டிக் செய்யட்டும்.

6. ரகசியம்

“யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்” என்று மேனேஜர் வாக்குக் கொடுக்கக் கூடாது, ஏனென்றால் உயிருக்கு ஆபத்து என்றால் சொல்லியே ஆக வேண்டும். “உங்ககிட்ட கேட்காம யார்கிட்டயும் சொல்ல மாட்டேன், உங்க உயிருக்கோ வேற ஒருத்தர் உயிருக்கோ ஆபத்துன்னா மட்டும் உதவிக்கு ஆளைக் கூப்பிடுவேன்” என்பதை எல்லோரும் சத்தமாக ஒரு தடவை சொல்லிப் பார்க்கட்டும். அடுத்த சிக்கல், டீமில் மற்றவர்கள் “அவருக்கு ஏன் வேலை குறைச்சுக் கொடுத்தீங்க?” என்று கேட்பது. “அவர் வேலையைக் கொஞ்ச நாளைக்கு மாத்தி அமைச்சிருக்கோம். உங்களுக்கு ஒரு தேவை வந்தாலும் இப்படித்தான் பண்ணுவோம்” என்பது போதுமான பதில். காரணத்தை ஜாடையாகக்கூடச் சொல்லக் கூடாது.

7. வேலையை மாற்றி அமைப்பது

கேட்டுவிட்டு ஒன்றும் மாறவில்லை என்றால் கேட்டதே பாரம். மேனேஜர் தன் அதிகாரத்துக்குள் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது: வேலை தொடங்கும் நேரத்தை ஒரு மணி நேரம் தள்ளுவது, ஒரு பொறுப்பை நான்கு வாரத்துக்கு வேறொருவரிடம் கொடுப்பது, இரவு ஷிஃப்டிலிருந்து விலக்குவது, வாயால் சொல்வதை எழுத்தில் கொடுப்பது, மருத்துவரைப் பார்க்கப் போக வாரத்தில் அரை நாள் விடுவது, தொடர்ச்சியான மீட்டிங்குகளுக்கு நடுவே இடைவெளி விடுவது. எது உதவும் என்று மேனேஜர் ஊகிக்கத் தேவையில்லை, ஊழியரையே கேட்கலாம். “எல்லாத்தையும் எடுத்துடறேன், நீங்க ரெஸ்ட் எடுங்க” என்று மொத்தமாகப் பிடுங்குவது தண்டனை போலத் தெரியும். வேலைதான் சிலரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்கும்.

ஒத்துக்கொண்டதை இரண்டு வரியில் எழுதி, எப்போது திரும்பப் பார்ப்பது என்று தேதி போட்டு, இருவரும் ஒரு நகல் வைத்துக்கொள்ள வேண்டும். தேதி இல்லாத ஏற்பாடு இரண்டு பக்கமும் கசக்கும்.

“அப்போ வேலை ஒழுங்கா நடக்கலைன்னா கேட்கவே கூடாதா?” என்று ஒருவர் நிச்சயம் கேட்பார். நியாயமான கேள்வி, தட்டிக்கழிக்காதீர்கள். கேட்கலாம், கேட்கவும் வேண்டும். என்ன நடக்கிறது, உதவி வேண்டுமா என்று கேட்பது முதலில். என்ன எதிர்பார்க்கிறோம் என்பதைத் தெளிவாகச் சொல்வது அடுத்து. உதவியும் எதிர்பார்ப்பும் ஒன்றோடொன்று மோதுவதில்லை. எதிர்பார்ப்பைச் சொல்லாமல் மறைத்துவிட்டு ஆண்டு மதிப்பீட்டில் குறைத்துப் போடுவதுதான் பெரிய அநியாயம்.

8. உயிர் ஆபத்து

மேனேஜர்கள் உள்ளூர அஞ்சுவது இந்த நிலைமைக்குத்தான். எனவே வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். “வாழவே பிடிக்கலை”, “நான் இல்லைன்னா எல்லாருக்கும் நிம்மதி” என்பது போல ஓர் ஊழியர் சொன்னால், நேராகவே கேட்கலாம்: “தற்கொலை பண்ணிக்கணும்னு எண்ணம் வருதா?” கேட்பதால் இல்லாத எண்ணம் முளைத்துவிடும் என்பது தவறான நம்பிக்கை. உலக சுகாதார நிறுவனமும் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. கேட்கப்பட்டவருக்குப் பல நேரம் பாரம் குறைகிறது.

ஆமாம் என்றால் செய்ய வேண்டியது: அவரைத் தனியே விடக் கூடாது. பதறாமல் பக்கத்தில் உட்கார வேண்டும். உங்கள் பகுதியின் அவசர எண்ணையோ, தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணையோ அவர் இருக்கும்போதே அழைக்க வேண்டும். அவர் நம்பும் குடும்பத்தவர் ஒருவருக்குச் சொல்ல வேண்டும், அதையும் அவரிடம் சொல்லிவிட்டே செய்ய வேண்டும். போனில் பேசும்போது இப்படிச் சொன்னால் எங்கே இருக்கிறார் என்று கேட்டு, பேச்சைத் துண்டிக்காமல் இன்னொருவர் மூலம் உதவியை அனுப்ப வேண்டும். அந்த எண்கள் ஒரு பக்கக் கையேட்டின் மேலேயே பெரிய எழுத்தில் இருக்கட்டும். இந்தப் பகுதியைப் பயிற்சியின் கடைசிப் பத்து நிமிடத்தில் வைக்காதீர்கள். கனத்த மனதோடு யாரும் அறையை விட்டுப் போகக் கூடாது. பங்கேற்பவர்களில் யாராவது இந்தத் துயரத்தைச் சொந்த வீட்டில் பார்த்திருக்கக்கூடும். தொடங்கும் முன்பே, வேண்டியவர்கள் எழுந்து வெளியே போகலாம் என்று சொல்லிவிடுங்கள்.

9. லீவிலிருந்து திரும்பி வருபவர்

நீண்ட லீவில் இருப்பவரோடு தொடர்பு அறுந்துபோகக் கூடாது. எப்படி, எத்தனை நாளுக்கு ஒரு முறை தொடர்புகொள்ளலாம் என்று லீவுக்கு முன்பே அவரைக் கேட்டு வைக்கலாம். “எப்போ வரீங்க?” என்பது மட்டும் வேண்டாம். திரும்பி வரும் முதல் நாள் காலையில் மேனேஜர் அவசியம் இருக்க வேண்டும். மேசையும் லாகின்னும் தயாராக இருக்க வேண்டும். முதல் வாரமே முழுச் சுமை தராமல் படிப்படியாகக் கூட்டலாம். ஏன் போனீர்கள் என்று கேட்பவர்களிடம் என்ன சொல்வது என்பதை அவரிடமே கேட்டு, அதையே மேனேஜரும் சொல்ல வேண்டும்.

10. மேனேஜரும் ஊழியர்தான்

பயிற்சி முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு ஒருவர் மட்டும் தங்கிப் பேச வருவார். டீமைப் பற்றித்தான் தொடங்குவார், இரண்டு நிமிடத்தில் தன்னைப் பற்றி வந்து நிற்கும். அதற்காகவே அரை மணி நேரம் அறையைக் காலி செய்யாமல் வைத்திருங்கள். நீங்கள் சொல்லிக்கொடுத்த பத்து எண்ணும் மௌனத்தை நீங்களே செய்து காட்ட வேண்டிய நேரம் அது. மேலேயிருந்து வரும் அழுத்தத்தை வாங்கிக் கீழே இறக்காமல் தாங்கி நிற்கும் மேனேஜர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் அதே உதவி எண், அதே லீவு விதி, அதே ரகசியம் உண்டு என்று கையேட்டில் எழுதியிருக்க வேண்டும்.

11. பிறகு

ஒரு தடவை நடத்திவிட்டுச் சான்றிதழ் கொடுத்து முடித்தால் இரண்டு மாதத்தில் மறந்துபோகும். ஆறு வாரம் கழித்து ஒன்றரை மணி நேரம் அதே குழுவைக் கூட்டுங்கள். ஸ்லைடு வேண்டாம். “பெயர் சொல்லாம சொல்லுங்க, யாராவது யார்கிட்டயாவது பேசிப் பார்த்தீங்களா? எங்க சிக்கிச்சு?” என்று கேட்டால் போதும். தடுமாறிய இடத்தை அங்கேயே இன்னொரு முறை மூன்று பேராக நடித்துப் பார்க்கலாம்.

பலனை அளக்கப் பயிற்சி முடிந்ததும் வாங்கும் ‘நன்றாக இருந்தது’ படிவத்தை நம்பாதீர்கள். ஊழியர்களைப் பெயர் இல்லாமல் கேளுங்கள்: “கஷ்டமான நேரத்தில் உங்கள் மேனேஜரிடம் பேச முடியும் என்று நினைக்கிறீர்களா?” பயிற்சிக்கு முன் ஒரு முறை, ஆறு மாதம் கழித்து ஒரு முறை. ஆறேழு பேர் உள்ள சின்ன டீமாக இருந்தால் பதில்களைத் தனியே பிரித்துக் காட்டாதீர்கள், யார் எழுதியது என்று தெரிந்துவிடும். உதவி எண்ணை நாடியவர்களின் எண்ணிக்கை பயிற்சிக்குப் பிறகு கூடினால் மேலதிகாரி பதறக்கூடும். இருந்த பிரச்சினை வெளியே வருகிறது, வர வேண்டும் என்றுதான் இவ்வளவும் செய்தோம் என்று முன்கூட்டியே அவரிடம் சொல்லி வையுங்கள்.

அடுத்த குழுவுக்குத் தேதி குறிக்கும்போது, புதிதாகப் பதவி உயர்வு பெறப்போகிறவர்களின் பெயர்களை எச்ஆரிடம் முதலில் வாங்கிக்கொள்ளுங்கள். முதல் டீம் கைக்கு வருவதற்கு முந்தைய மாதம்தான் அவர்களுக்குச் சரியான நேரம். எந்தப் பழக்கமும் அப்போது இறுகியிருக்காது.